விலையேறிய கடற்கரைப் பகுதியில் கட்டுப்படியாகும் வாடகைக்கு அடுக்குமாடி வீடு கிடைக்குமா?

கேள்வி: இரவுப்பணி

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். பெரும்பாலும் இரவுப் பணி. மருத்துவமனை கடற்கரையை ஒட்டிய, வசதி படைத்தோர் வாழும் பகுதியில் இருக்கிறது. நான் குடியிருப்பதோ நகரத்தின் மறுகோடியில். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி என்று நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் வழியிலேயே கழிகிறது. விடிய விடிய நின்று வேலை பார்த்துவிட்டு நெரிசலில் தொங்கிக்கொண்டு வீடு திரும்பும் வாழ்க்கை எட்டு ஆண்டுகளாக நடக்கிறது. இனி முடியாது என்று உடம்பு சொல்லத் தொடங்கிவிட்டது.

வீட்டில் நான், என் மனைவி, மூட்டுவலியால் படியேறத் தடுமாறும் என் தாயார் என மூவர். எங்கள் இருவரின் கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வாடகைக்குப் போகக்கூடாது என்பது நாங்கள் வகுத்துக்கொண்ட எல்லை. நான்கு மாதங்களாகத் தேடுகிறேன். இணைய விளம்பரத்தைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தால் வீடு நேற்றே போய்விட்டது என்கிறார்கள். தரகர்களோ என் எல்லையைக் கேட்டதும், அதை ஒன்றரை மடங்காக்கிக்கொண்டு வந்தால் பேசலாம் என்கிறார்கள்.

இப்போது என் கையில் மூன்று வீடுகள் மிஞ்சியிருக்கின்றன. முதலாவது, கடலிலிருந்து மூன்றாவது கட்டடத்தின் பின்புறத்தில் உள்ள தரைத்தள வீடு. அந்தத் தெருவின் வாடகையோடு ஒப்பிட்டால் நம்ப முடியாத அளவுக்கு மலிவு, சுவரெல்லாம் புதிதாக வண்ணம் பூசியிருக்கிறார்கள். இரண்டாவது, கடலிலிருந்து பதினைந்து நிமிட நடைதூரத்தில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடி. மூன்றாவது, கடலைப் பார்த்த அழகான வீடு. ஆனால் ஒன்பது மாதத்துக்கு மட்டுமே தருவார்களாம், விடுமுறைக் காலத்தில் காலி செய்துவிட வேண்டுமாம்.

இந்த மூன்றில் எது தேறும்? மூன்றும் வேண்டாம் என்றால் எங்கே, எப்படித் தேட வேண்டும்? கடலோரத்தில் நான் குடியிருந்ததே இல்லை என்பதால், என்ன கேட்க வேண்டும் என்பதுகூடத் தெரியவில்லை.

மறுமொழி 1: நெய்தல்வாசி

வணக்கம் நண்பரே. பதினான்கு ஆண்டுகளாகக் கடற்கரைப் பகுதி ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். இதற்குள் நான்கு வீடு மாறியாயிற்று, எதிலும் என் வருமானத்துக்கு மிஞ்சிக் கொடுத்ததில்லை. என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

கடலோரத்தில் வாடகை ஏன் ஏறிக் கிடக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொண்டால் எங்கே இறங்கும் என்பதும் விளங்கும். நிலத்தின் நடுவே இருக்கும் ஓர் இடத்தைச் சுற்றி நாலாபக்கமும் வீடு கட்டலாம். கடற்கரையில் இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு பக்கம்தான் கட்ட முடியும், மறுபக்கம் தண்ணீர். முழுவட்டத்துக்குப் பதில் அரைவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவு நிலம் வேண்டுமானால் அரைவட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 1.4 மடங்கு நீள வேண்டும். போதாக்குறைக்கு, அந்த அரைவட்டத்திலும் ஒரு பங்கு வீடுகள் சொந்தக்காரர்கள் ஆண்டுக்குச் சில வாரம் வந்து தங்குவதற்காகப் பூட்டிக் கிடக்கும்; இன்னொரு பங்கு சுற்றுலாப் பயணிகளுக்கு நாள்வாடகைக்குப் போய்விடும். உங்களைப் போல ஆண்டு முழுவதும் குடியிருக்க வருபவருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆகவே இங்கே மலிவான வீடு என்றால், வேறு யாருக்கோ ஏதோ ஒரு காரணத்தால் வேண்டாததாகிப்போன வீடு என்றுதான் பொருள். அந்தக் காரணம் உங்களையும் பாதிக்குமா, பாதிக்காதா என்பதுதான் கேள்வி.

இங்கே உங்களுக்கு ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது, அதை நீங்களே கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். தாங்கள் இரவில் பணிக்குப் போய்ப் பகலில் தூங்குபவர். கடல் தெரியும் சன்னலுக்குத்தான் இந்தப் பகுதியில் ஆகக் கூடுதலான வாடகை. கடல் நன்றாகத் தெரியும் நேரத்தில் நீங்கள் திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டு உறங்கிக்கொண்டிருப்பீர்கள். கடற்கரைச் சாலையைப் பார்த்த வீட்டில் விடுமுறை நாள் பகலில் தூங்கிப் பார்த்தால்தான் தெரியும், வண்டிச் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் என்ன பாடுபடுத்தும் என்று. ஆகையால் கட்டடத்தின் உட்புறத்தையோ பின்தெருவையோ பார்த்த, இருட்டு என்று மற்றவர்கள் ஒதுக்கும் வீடு உங்களுக்குக் குறையே இல்லை. உங்கள் தாயாருக்கு மட்டும் பகலில் உட்கார வெளிச்சமான ஓர் இடம் அந்த வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது தூரம். கடலிலிருந்து உள்ளே போகப் போக வாடகை ஒரே சீராகக் குறைவதில்லை, படிப்படியாக இறங்குகிறது. முதல் வரிசைக்கும் இரண்டாவது வரிசைக்கும் இடையே ஒரு பெரிய படி. அதன்பின் ஏதாவது ஓர் எல்லைக்கோடு வரும். அகலமான சாலையாக இருக்கலாம், ரயில் பாதையாக இருக்கலாம், கால்வாயாக இருக்கலாம். அந்தக் கோட்டைத் தாண்டியதும் இன்னொரு பெரிய படி. விளம்பரங்களில் அந்தப் பகுதியின் பெயரைச் சொல்லிக்கொள்ள முடியாமல் போகும் இடம் அதுதான். பெயருக்குக் கொடுக்கும் காசு அங்கே மிச்சம். நான்கு மாதமாகப் பகுதியின் பெயரை வைத்துத் தேடியிருப்பீர்கள். இனி வரைபடத்தை விரித்து மருத்துவமனையைச் சுற்றி இருபத்தைந்து நிமிட நடைதூரம் வரை ஒரு கோடு வரைந்து, அதற்குள் விழும் எல்லாத் தெருக்களையும் பெயர் பாராமல் தேடுங்கள்.

தேடும் முறையையும் மாற்றுங்கள். கட்டுப்படியாகும் வீடுகள் இணையத்துக்கு வருமுன்பே கைமாறிவிடுகின்றன. பணி முடிந்த காலையில் அரை மணி நேரம் அந்தத் தெருக்களில் நடந்து, கட்டடக் காவலாளிகளிடம் நேரில் கேளுங்கள். எந்த வீடு அடுத்த மாதம் காலியாகப் போகிறது என்பது சொந்தக்காரருக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். மருத்துவமனையின் அறிவிப்புப் பலகையிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். செவிலியர் ஒருவர் நெடுங்காலத்துக்கு வீடு தேடுகிறார் என்றால், வெளியூரில் வசிக்கும் சொந்தக்காரர்கள் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பார்கள். விடுமுறைக் காலம் முடிந்து கூட்டம் கலையும் வாரங்களில் பேரம் பேசினால் படியும். அப்போதுதான் அவர்கள் பூட்டிய வீட்டை எண்ணிக் கவலைப்படத் தொடங்குவார்கள்.

உங்கள் மூன்று வீடுகளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: நான்காவது மாடியை மறந்துவிடுங்கள். அம்மாவை வீட்டுக்குள் சிறைவைத்ததாகிவிடும்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற பொறியாளர்

தம்பி, முந்தையவர் வாடகையைப் பற்றிச் சொன்னது அனைத்தும் சரி. நான் முப்பது ஆண்டுகள் கட்டடப் பழுதுபார்ப்பில் இருந்தவன். புதிதாக வண்ணம் பூசிய அந்தத் தரைத்தள வீட்டைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடலோர வீட்டில் நீங்கள் இரண்டு வாடகை கொடுக்கிறீர்கள். ஒன்று சொந்தக்காரருக்கு, மற்றொன்று உப்புக்கு. அலை உடையும்போது நுரையில் உள்ள குமிழிகள் வெடித்து நுண்ணிய உப்புநீர்த் துளிகளைக் காற்றில் வீசுகின்றன. ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும். கரையை நோக்கி வீசும் காற்று அதைக் கட்டடங்களின்மீது படிய வைக்கிறது. கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே இந்தப் படிவு வேகமாகக் குறைந்துவிடும். பதினைந்து நிமிடம் உள்ளே தள்ளி இருப்பதில் வாடகை மட்டுமன்றி இதுவும் ஓர் ஆதாயம்.

படிந்த உப்பு சும்மா இருக்காது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானாகவே கரைந்து நீராகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடும். மழையே பெய்யாத நாளிலும் கடலோரத்துச் சன்னல் கம்பி ஈரப்பிசுபிசுப்போடு இருப்பது இதனால்தான். ஒரு முறை உப்பு ஏறிய சுவர் எத்தனை முறை வண்ணம் பூசினாலும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இதைவிடப் பெரிய தொல்லை கான்கிரீட்டுக்குள் நடக்கிறது. நல்ல கான்கிரீட் காரத்தன்மை மிக்கது, அதன் பி.எச். அளவு 12க்கும் மேல். அந்தக் காரம் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு நுண்துளைகள் வழியே மெல்ல மெல்ல உள்ளிறங்கிக் கம்பியைத் தொடும்போது அந்தப் படலம் உடைகிறது, துரு தொடங்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே நெம்பப்பட்டு வெடித்து உதிர்கிறது.

எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். பெரும்பாலோர் வெளிச்சுவரின் முகப்பைப் பார்ப்பார்கள்; அதை மழை கழுவிவிடுகிறது. மழை படாமல் உப்பு மட்டும் படியும் இடங்கள்தான் முதலில் கெடும். மேல்மாடி முன்தளத்தின் (பால்கனியின்) அடிப்பாகம், படிக்கட்டின் அடிப்பாகம், வண்டி நிறுத்துமிடத்தின் கூரை ஆகியவற்றை அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடும் கோட்டிலேயே நீளவாக்கில் விரிசல், அதிலிருந்து வடியும் செம்பழுப்புக் கறை, கட்டையால் தட்டினால் உள்ளே பொள்ளல் என்று சொல்லும் ஓசை, இவை மூன்றில் ஒன்று இருந்தாலும் கேள்வி கேளுங்கள். குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டியையும் பாருங்கள். செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம் அரித்துப் பொடியாகிவிடும். விரலால் தொட்டால் உதிர்கிறதென்றால் அந்த இயந்திரம் அடுத்த கோடையைத் தாங்காது. யார் மாற்றித் தருவது என்பதை அப்போதே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். கைப்பிடிகளும் கீல்களும் துருப்பிடிக்காத எஃகு என்று யாராவது சொன்னால், எந்த வகை என்று கேளுங்கள். 316 என்ற வகையில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இருப்பதால் கடற்காற்றைத் தாங்கும். பரவலாகப் பயன்படும் 304 வகையில் பழுப்புக் கறை படிந்துவிடும்.

இப்போது உங்கள் தரைத்தள வீடு. புது வண்ணத்துக்காக யாரையும் சந்தேகிக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு சுவருக்கு மட்டும், அதுவும் இடுப்பளவு உயரத்துக்கு மட்டும் பூச்சு புதிதாக இருந்தால், அது ஓதம் ஏறிய சுவர் என்று கொள்ளுங்கள். அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், பூசண வாடையை வண்ணத்தால் மறைக்க முடியாது. மின்செருகிகளின் உயரத்தையும் கவனியுங்கள். மற்ற வீடுகளில் முழங்கால் உயரத்தில் இருப்பவை இங்கே மட்டும் மார்பளவுக்கு ஏற்றப்பட்டிருந்தால் ஒரு காலத்தில் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. இன்னொன்று, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த ஓரிரு நாளில் கடல்நீரின் ஏற்றம் உச்சத்துக்கு வரும். அந்த நாளில், அந்த நேரத்தில் போய்த் தெருவின் வடிகால் மூடியருகே நில்லுங்கள். மழையே இல்லாமல் வடிகாலிலிருந்து நீர் மேலே வந்தால் கடல் அந்தக் குழாய் வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கொஞ்சம் மழையும் சேர்ந்துவிட்டால் வீட்டுக்குள்தான் வரும்.

கட்டடம் பழையதென்றால் கடைசியாக எப்போது கட்டமைப்பு ஆய்வு நடந்தது என்று குடியிருப்போர் சங்கத்தைக் கேளுங்கள். வாடகைக்கு வருபவன் இதையெல்லாம் கேட்பதா என்று கூச்சப்பட வேண்டாம். 2021 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் புளோரிடாவில் 1981இல் கட்டிய 12 மாடிக் கடற்கரைக் குடியிருப்பு நள்ளிரவுக்குப் பிறகு சரிந்து 98 பேர் இறந்தார்கள். அங்கே நீச்சல்குளத் தளத்துக்குக் கீழேயுள்ள கான்கிரீட் பெரிதும் சேதமடைந்திருக்கிறது என்று 2018இலேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். பிந்தைய அரசு ஆய்வு அந்தத் தளத்தின் வடிவமைப்பிலேயே குறை இருந்ததைக் காட்டியது. எல்லாப் பழியையும் உப்பின்மேல் போட முடியாது. ஆனால் பழுது தெரிந்த பிறகு மூன்றாண்டுகள் பேச்சிலேயே கழிந்தன என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஆய்வறிக்கை இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், அதில் சொன்ன வேலை முடிந்ததா என்றும் கேளுங்கள்.

மறுமொழி 3: மாற்றுக்கருத்து

பொறியாளர் ஐயா எழுதியதைப் படித்தால் கடற்கரைப் பக்கமே போகத் தோன்றாது. எனக்கு வேறு ஓர் ஐயம். வாடகை மூன்றில் ஒரு பங்கு என்ற எல்லையை எதற்காக இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? வாடகையையும் பயணச் செலவையும் ஒன்றாகக் கூட்டி எல்லை வகுப்பதுதான் நியாயம். நாளுக்கு இரண்டரை மணி, மாதம் 22 நாள் பணி என்றால் 55 மணி நேரம். ஒரு வார வேலையைவிட அதிகமான நேரத்தைச் சம்பளமில்லாமல் செய்கிறீர்கள். பயணச் சீட்டுக்கு மாதந்தோறும் கொடுப்பதை வாடகையோடு சேர்த்துக்கொண்டாலே எல்லை கொஞ்சம் தளரும்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. உங்கள் மனைவி எங்கே வேலை பார்க்கிறார்? அவருடைய பயணம் நீளுமானால் உங்கள் மிச்சம் அவருடைய செலவாகிவிடும். கேள்வியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தாயாரின் மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதும் இல்லை. அவற்றுக்கு விடை தெரியாமல் யாரும் வீடு சொல்ல முடியாது.

இரவுப்பணி (கேள்வி கேட்டவர்)

தாங்கள் கேட்டது நியாயம், விட்டுவிட்டேன். என் மனைவி வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறார். எனவே நல்ல இணைய இணைப்பும் மேசை போட ஒரு மூலையும் போதும். தாயாருக்கு என் மருத்துவமனையிலேயே சிகிச்சை நடக்கிறது. அவரை அழைத்து வரும் ஒவ்வொரு முறையும் வாடகை வண்டிக்குக் கொடுப்பதை நேற்றுத்தான் கூட்டிப் பார்த்தேன். அதையும் பயணச்சீட்டையும் சேர்த்தால் இப்போதைய வாடகையில் ஐந்தில் ஒரு பங்கு வருகிறது. இத்தனை நாள் இதைத் தனித்தனியாகவே பார்த்திருக்கிறேன்.

பௌர்ணமிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. தரைத்தள வீட்டுத் தெருவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். ஒன்பது மாத வீட்டைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? ஒன்பது மாதம் அங்கே, மூன்று மாதம் உறவினர் வீட்டில் என்று ஓட்டினால் கணக்குச் சரியாக வருமா?

மறுமொழி 4: ஒப்பந்தம்எழுதுபவள்

வணக்கம் சகோதரரே. வாடகை ஒப்பந்தங்கள் எழுதிக் கொடுப்பதும் சரிபார்ப்பதும் என் தொழில். ஒன்பது மாத ஒப்பந்தம் கடற்கரைப் பகுதிகளில் வழக்கமானதுதான், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. சொந்தக்காரர் விடுமுறைக் கால வாரங்களில் நாள்வாடகைக்கு விட்டுப் பல மாத வாடகையை ஒரே மூச்சில் எடுத்துவிடுகிறார். மீதி மாதங்களில் வீடு பூட்டிக் கிடக்காமல் இருக்க உங்களைக் குறைந்த வாடகைக்கு வைத்துக்கொள்கிறார். தனியாக இருக்கும் மாணவருக்கு இது மிகப் பொருத்தமான ஏற்பாடு. மூட்டுவலியுள்ள தாயாரோடு ஆண்டுதோறும் சாமான் தூக்குவது உங்களுக்கு ஆகாது. இரண்டு முறை வீடு மாற்றும் செலவையும், மூன்று மாதம் சாமான்களை வைக்கும் இடத்துக்கான வாடகையையும் கூட்டி, அதைப் பன்னிரண்டால் வகுத்து மாத வாடகையோடு சேர்த்துப் பாருங்கள். மலிவு என்பது பெரும்பாலும் அங்கேயே கரைந்துவிடும்.

ஆண்டு முழுவதற்கும் என்று சொல்லித் தரும் வீட்டிலும் இந்தச் சங்கதி ஒளிந்திருக்கக்கூடும். சொந்தக்காரர் சொந்த உபயோகத்துக்குக் கேட்டால் முப்பது நாளில் காலி செய்ய வேண்டும் என்பது போன்ற ஒரு வரி, பொதுவான நிபந்தனைகளுக்கு நடுவே சாதுவாக உட்கார்ந்திருக்கும். கோடை தொடங்கும் மாதத்தில் அந்த வரிக்கு உயிர் வந்துவிடும். கையெழுத்துப் போடுமுன் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால், முதல் இரண்டாண்டுகளுக்கு அது செல்லாது என்றாவது எழுதி வாங்குங்கள். நெடுங்கால ஒப்பந்தத்துக்கு நீங்கள் முன்வருவதே பேரத்தில் உங்கள் பலம். வாடகையைக் குறைக்க மனமில்லாத சொந்தக்காரரும், இரண்டாண்டுக்கு உயர்த்த மாட்டேன் என்பதற்கு ஒத்துக்கொள்வார்.

உப்பினால் வரும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். நானே ஒரு முறை கடலோர வீட்டைக் காலி செய்தபோது, சன்னல் கம்பிகள் துருப்பிடித்ததற்காக முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்; கடற்காற்று செய்த வேலைக்கு நான் தண்டம் கட்டினேன். ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதுகிறவள் தன் வீட்டு ஒப்பந்தத்தை ஒழுங்காகப் படிக்கவில்லை என்று என் தங்கை இன்றும் சிரிக்கிறாள். குடியேறும் அன்றே ஒவ்வொரு கம்பி, கீல், குழாய், சுவர் மூலை என எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுத்துச் சொந்தக்காரருக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டேன் என்று ஒரு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்குப் புறம்பாகப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, அது யார் தலையில் என்பதையும் கேளுங்கள். கடற்கரைக் கட்டடங்களில் வெளிப்பூச்சும் இரும்பு வேலையும் அடிக்கடி வரும், அதனால் அந்தக் கட்டணம் கடலிலிருந்து தள்ளியுள்ள பகுதியைவிட உயர்ந்தே இருக்கும். பெரிய பழுதுபார்ப்புக்காகச் சங்கம் சிறப்பு வசூல் போட்டால் அது சொந்தக்காரரைச் சேர்ந்தது என்று எழுத்தில் இருக்கட்டும்.

கடைசியாக, வீட்டைப் பார்க்குமுன் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்பது உலகெங்கும் நடக்கும் பழைய மோசடி. அழகான கடற்கரை வீடுகளின் படத்தைத் திருடிப் போடுவது அவர்களுக்கு எளிது. விளம்பரப் படத்தை இணையத்தின் படத் தேடலில் போட்டுப் பார்த்தால், அதே வரவேற்பறை வேறொரு நகரத்தின் விளம்பரத்திலும் இருப்பது பல நேரம் தெரிந்துவிடும்.

இரவுப்பணி (கேள்வி கேட்டவர்), ஐந்து வாரங்களுக்குப் பிறகு

உதவிய அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பௌர்ணமிக்கு மறுநாள் பணி முடிந்து நேராகத் தரைத்தள வீட்டுத் தெருவுக்குப் போனேன். ஒரு வாரமாக மழை இல்லை. ஆனாலும் ஏற்றம் உச்சத்தைத் தொட்ட நேரத்தில் வடிகால் மூடியின் துளைகள் வழியே நீர் குமிழியிட்டு வந்து பாதையோரத்தில் தேங்கியது. பக்கத்துக் கட்டடத்துக் காவலாளியிடம் கேட்டேன். மாதத்துக்கு இரண்டு முறை இப்படித்தான், போன மழைக்காலத்தில் அந்த வீட்டில் இருந்தவர்கள் கட்டிலின்மேல் சமைத்தார்கள் என்றார். வாடகை ஏன் மலிவு என்பது விளங்கிவிட்டது.

அவரிடமே வேறு வீடு இருக்கிறதா என்றும் கேட்டு வைத்தேன். அவர் தனக்குத் தெரிந்த இன்னொரு காவலாளியின் பெயரைச் சொல்ல, அவர் மூன்றாமவரைக் காட்ட, இரண்டு வாரம் கழித்து ஒரு வீடு அமைந்தது. அகலச் சாலையைத் தாண்டி உள்ளே, மருத்துவமனைக்கு இருபது நிமிட நடை. இரண்டாவது மாடி, சிறியதானாலும் ஓடுகிற மின்தூக்கி உண்டு. படுக்கையறைகள் இரண்டும் கட்டடத்தின் உள்முற்றத்தைப் பார்த்தவை. கடல் எங்கிருந்தும் தெரியாது. சமையலறையை அடுத்த சின்ன முன்தளத்தில் காலை வெயில் விழுகிறது, அம்மாவின் நாற்காலி அங்கே போய்விட்டது. வாடகை என் பழைய எல்லையைவிடச் சற்றுக் கூடுதல்தான். பயணச் செலவைக் கழித்தால் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

சொந்த உபயோகத்துக்குக் கேட்டால் காலி செய்ய வேண்டும் என்ற அந்த வரி, சகோதரி சொன்னபடியே, ஒப்பந்தத்தின் ஒன்பதாவது நிபந்தனையில் இருந்தது. எடுக்கச் சொன்னேன். முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு இரண்டாண்டுகளுக்குச் செல்லாது என்று எழுதிக் கொடுத்தார்கள். படங்கள் நூற்றுப்பத்து எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஒரு சிறு சந்தேகம் பாக்கி இருக்கிறது. குளியலறைச் சன்னலுக்கு மேலே, வெளிப்புற வெயில்மறைப்புத் தளத்தின் அடியில் ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய விரிசல் இருக்கிறது. கறை ஏதும் இல்லை. பொறியாளர் ஐயா இதைப் பற்றி என்ன சொல்கிறார்?

ஓய்வுபெற்ற பொறியாளர்

நல்ல வீடாகத்தான் அமைந்திருக்கிறது தம்பி. கறை இல்லாத மெல்லிய விரிசல் வெறும் பூச்சு வெடிப்பாகவும் இருக்கலாம். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்கே கோடு போட்டுத் தேதியை எழுதி வையுங்கள், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பாருங்கள். கோட்டைத் தாண்டி நீண்டிருந்தாலோ பழுப்பு நிறம் எட்டிப் பார்த்தாலோ அன்றே சங்கத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொல்ல வேண்டாம். நீளாமல் இருந்தால் சன்னலை வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் கழுவி விடுங்கள், கம்பிக்கு அதுவே போதும்.